ஈரம் எங்கே போகும்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிஷ்வாஷர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. "பாத்திரம் நல்லாத்தான் கழுவுது. ஆனா காயவே மாட்டேங்குது." கதவைத் திறந்தால் கவிழ்த்து வைத்த தம்ளரின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் முத்து முத்தாகத் துளிகள். சாம்பார்க் கரண்டியின் குழியில் ஒரு மடக்கு. உடனே வீட்டில் ஒருவர் துண்டும் கையுமாக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய வேலையைக் குறைக்கத்தான் மெஷின் வாங்கினோம். அந்த வேலையில் ஒரு பங்கு திரும்ப அவர் கையிலேயே வந்து விழுகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. இன்றைய நேரம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர முடியாமல் போன மாதங்களில்தான் இந்த மெஷின் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் வேகமாக நுழைந்தது. விற்றவர்கள் கடாயைப் பற்றிப் பேசினார்கள், குக்கரைப் பற்றிப் பேசினார்கள், எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் எப்படிப் போகும் என்று காட்டினார்கள். கழுவி முடித்த பின் அந்தப் பாத்திரம் எப்படிக் காயும் என்பதை விளக்கியவர்கள் குறைவு. வாங்கியவர்களும் கேட்கவில்லை. உள்ளே சூடான காற்று வீசும், அதில் எல்லாம் காய்ந்துவிடும் என்று பலரும் தாமாகவே எண்ணிக்கொண்டார்கள்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான மெஷின்களில் அப்படிச் சூடான காற்று எதுவும் வீசுவதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கடைசி அலசலுக்கு எடுக்கும் தண்ணீரை மெஷின் நன்றாகச் சூடாக்குகிறது. நாம் வைக்கும் புரோகிராமைப் பொறுத்து 50 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரை. அந்தச் சூடு பாத்திரங்களில் ஏறுகிறது. பிறகு பம்ப் தண்ணீரை வெளியேற்றிவிட்டு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு காய்கிற வேலை பாத்திரத்தின் சொந்தச் சூட்டில் நடக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. ஆவி, சுற்றியிருக்கும் எஃகுச் சுவரில் படுகிறது. சுவர் பாத்திரத்தைவிடக் குளிர்ந்திருப்பதால் அங்கே மறுபடி தண்ணீராகி வழிந்து கீழே வடிகிறது. விளம்பரக் கையேடுகளில் கண்டென்சேஷன் டிரையிங் என்று போட்டிருப்பது இதைத்தான்.

இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுக்கிய பாத்திரங்களில் எல்லாம் சேர்ந்து 100 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி வாக்கில் ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,360 ஜூல் வேண்டும். 100 கிராமுக்கு 236 கிலோ ஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டில் பதினைந்தில் ஒரு பங்கு. இவ்வளவுதான். ஒரு முறை கழுவி முடிக்க ஆகும் மின்சாரத்தோடு பார்த்தால் இது சொற்பம். ஆக, ஈரம் தங்குவதற்குச் சூடு போதாமை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அடுத்த கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. 60 டிகிரிக் காற்று, ஒரு கன மீட்டருக்கு 130 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மெஷினின் உள்ளறையைச் சுமார் 150 லிட்டர் என்று கொண்டால், உள்ளே இருக்கும் காற்று முழுவதும் சேர்ந்து 20 கிராம் ஆவியை வைத்துக்கொள்ளலாம். அதோடு அது நிரம்பிவிடும். மீதி 80 கிராம் எங்கே போகும்? சுவரில் படிந்து வடிய வேண்டும், அல்லது கதவு வழியாக வெளியேற வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அது பாத்திரத்தை விட்டு நகராது. ஐப்பசி மழையில் கொடியில் போட்ட துணி நாள் முழுக்கத் தொங்கியும் ஈரமாகவே இருப்பது போல.

நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். காய்வதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கிளம்பும் ஆவிக்கு ஒரு போக்கிடமும் வேண்டும். மெஷின் செய்கிறவர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிவருவது அந்தப் போக்கிடத்தைத்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886 டிசம்பரில் தன் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார். அதை முதலில் வாங்கியவை ஹோட்டல்களும் உணவகங்களும்தான். வீடுகளில் அவ்வளவு வெந்நீர் அந்தக் காலத்தில் ஏது? 1924-இல் இங்கிலாந்தின் வில்லியம் லைவன்ஸ், முன்பக்கக் கதவு, கம்பிக் கூடை, சுழலும் தெளிப்பான் எல்லாம் கொண்ட சிறு மெஷினை வடிவமைத்தார். இன்று நம் வீட்டில் இருப்பதன் முகச்சாயல் அதில் இருக்கிறது. உலர்த்தும் வசதி பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அமெரிக்கர்கள் எடுத்த வழி நேரடியானது. தொட்டியின் அடியில் வெளியே தெரியும்படி ஒரு சூட்டுக் கம்பியை வைத்தார்கள். கழுவி முடித்ததும் அது எரிந்து காற்றைச் சூடாக்கும். ஆவி கதவில் உள்ள துவாரம் வழியே வெளியேறும். பாத்திரம் காயும். கீழ்க்கூடையில் பிளாஸ்டிக் இருந்தால் நெளிந்தும் போகும். மின்செலவும் கூடுதல். ஐரோப்பியர்கள் சுவரில் ஆவியைப் படியவைக்கும் சிக்கன வழியை எடுத்தார்கள். நமக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் அந்த வகை. சில மாடல்களில் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். உலரும் நேரத்தில் அதில் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் நிரம்பி, சுவரைக் குளிர வைக்கும். ஜெர்மனியின் குழாய்த் தண்ணீருக்கு இது அருமையான யோசனை. சித்திரை வெயிலில் சென்னை மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கி வரும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். கையை வைத்தால் சுடுகிறது. அது எந்தச் சுவரைக் குளிர்விக்கும்?

என்னை மிகவும் கவர்ந்த வழி சியோலைட். 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்ஸெல் கிரான்ஸ்டெட் ஒரு வகைக் கல்லைச் சூடாக்கியபோது அதிலிருந்து நீராவி கொப்புளித்து வருவதைக் கண்டார். அந்தக் குடும்பத்துக் கனிமங்கள் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளாகவே ஆனவை. ஈரம் கிடைத்தால் இழுத்துத் துளைகளுக்குள் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிக்கும்போது சூட்டை வெளிவிடும். பாஷ் நிறுவனத்தின் சில மெஷின்களில் அடித்தட்டுக்குக் கீழே இந்தக் கனிம மணிகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன. உலரும் கட்டத்தில் ஒரு சிறு விசிறி உள்ளறைக் காற்றை அதன் வழியே செலுத்துகிறது. ஈரக்காற்று உள்ளே போகிறது, உலர்ந்த சூடான காற்று வெளியே வருகிறது. அடுத்த முறை கழுவும்போது மணிகளைச் சூடாக்கினால் பிடித்துவைத்த ஈரத்தை விட்டுவிடும். அந்தச் சூடும் கழுவும் தண்ணீருக்கே போய்ச் சேரும். ஆவிக்கு இருப்பிடமும் கிடைத்தது, சூடும் வீணாகவில்லை. எளிமையும் நுட்பமும் இவ்வளவு பொருந்திய வீட்டுச் சாதனங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு வழி, வேலை முடிந்ததும் கதவு தானாகச் சில அங்குலம் திறந்துகொள்வது. ஜெர்மனியின் மீலே முதலாகப் பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. இந்த வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கதவைத் திறக்க நமக்குக் கை இருக்கிறது. எப்போது திறப்பது என்பதுதான் கேள்வி.

நம்மில் பலர் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பத்து, பத்தரைக்கு மெஷினைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். காலையில் காப்பி போடும் நேரத்தில்தான் திறக்கிறோம். நடு இரவில் மெஷின் வேலையை முடித்தபோது உள்ளே சூடும் ஆவியும் இருந்தன. மூடிய கதவுக்குள் எல்லாம் ஒன்றாகக் குளிர்கின்றன. சுவரும் பாத்திரமும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால் ஆவிக்குச் சுவரென்றும் பாத்திரமென்றும் வேற்றுமை இல்லை. காய்ந்த தட்டின் மேலேயே திரும்பப் படியும். காலையில் திறந்து "ராத்திரி முழுக்க இருந்தும் காயலையே" என்கிறோம். ராத்திரி முழுக்க மூடி இருந்ததால்தான் காயவில்லை.

"சென்னைக் காற்றே ஈரமாச்சே, கதவைத் திறந்து என்ன பயன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கும். மெஷினுக்குள் இருப்பதோ 60 டிகிரியில் 130 கிராம். நமக்குப் புழுக்கமாகத் தெரியும் காற்று, அந்தச் சூடான பெட்டிக்கு வறண்ட காற்று. ஆனால் இது பாத்திரம் சூடாக இருக்கும்வரைதான். அதுவும் 30 டிகிரிக்கு ஆறிவிட்டால் அங்கே காற்று தாங்கக்கூடிய அளவு 30 கிராம், வெளியே ஏற்கனவே இருப்பது 24. பிறகு மணிக்கணக்கில் திறந்து வைத்தாலும் மெதுவாகத்தான் காயும். எனவே சூடு இருக்கும்போதே திறக்க வேண்டும். மெஷின் முடிந்தது என்று ஒலி எழுப்பிய பின் ஒரு கால் மணி நேரம் விட்டு, கதவை நன்றாகத் திறந்து, கூடைகளை வெளியே இழுத்துவிடுங்கள். அடுக்களை மின்விசிறியையோ எக்ஸாஸ்டையோ போட்டுவிடுங்கள். முடிந்த உடனே கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் ஆவி முழுவதும் மேடையின் அடிப்பலகையில் அடிக்கும். பிளைவுட் ஊறி உப்பிவிடும். இரவில் விழித்திருக்க முடியாதவர்கள், மெஷினில் நேரம் தள்ளிவைக்கும் பொத்தான் இருந்தால், எழும் வேளையில் முடியும்படி வைத்துக்கொள்ளலாம். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம் பாதிக் குறையைத் தீர்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

இனி நம் பாத்திரங்களுக்கு வருவோம். இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது.

ஐரோப்பாவில் இந்த மெஷின்களைத் தரம் பார்க்கும் சோதனையில் நெடுங்காலம் பீங்கான் தட்டுகளும் கண்ணாடித் தம்ளர்களும் முள்கரண்டி வகைகளும்தான் இருந்தன. எஃகுப் பாத்திரமும் மெலமைன் கிண்ணமும் பின்னால் சேர்க்கப்பட்டவை. சோதிப்பவர் ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்ப்பார். ஈரமே இல்லாவிட்டால் 2 மதிப்பெண், ஓரிரு துளி இருந்தால் 1, அதற்கு மேல் இருந்தால் சுழியம். 600 கிராம் எடையுள்ள ஒரு பீங்கான் தட்டு 65 டிகிரியிலிருந்து 45-க்கு ஆறும்போது விடும் சூட்டில் 4 கிராம் தண்ணீர் ஆவியாகும். தன்மேல் உள்ள ஈரத்தைத் தானே போக்கிக்கொள்ள அது போதும். நம் வீட்டு எவர்சில்வர் தட்டு 250 கிராம். எஃகு ஒரே எடையில் பீங்கானைவிடக் குறைந்த சூட்டையே வைத்துக்கொள்ளும். அதே இருபது டிகிரி ஆறும்போது 1 கிராம்தான் ஆவியாகும். 80 கிராம் தம்ளருக்கு, ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. போதாததற்குத் தட்டுக்கு மடித்த விளிம்பு, தம்ளருக்கு உள்வாங்கிய அடி, டபராவுக்குச் சுருட்டிய வாய். தண்ணீர் தங்கத் தோதான இடங்கள். நம் பாத்திரம் காயாததற்கு மெஷின் மட்டமானது என்பதே எப்போதும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு வகைப் பாத்திரத்தை மனத்தில் வைத்து வடிவமைத்த மெஷின் அது.

ஆவியாகிப் போக்க முடியாத தண்ணீரை வடிய வைத்துத்தான் போக்க வேண்டும். தம்ளரை நேராகக் கவிழ்க்காமல் சாய்த்து வையுங்கள். அடிப்பள்ளத்துத் தண்ணீர் ஒரு பக்கமாக இறங்கிவிடும். கரண்டியின் குழி கீழ்நோக்கி இருக்கட்டும். ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டாம். எடுக்கும்போது கீழ்க்கூடையை முதலில் காலி செய்யுங்கள். மேல்கூடையை முதலில் அசைத்தால் அதிலுள்ள தண்ணீரெல்லாம் காய்ந்த தட்டுகளின் மேல் கொட்டும்.

பிளாஸ்டிக் டப்பா வேறு கதை. எடை குறைவு என்பதால் சூடும் குறைவு. பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது. ஒரு துளிக்கு அடியில் இருக்கும் இடம் ஆறிவிட்டால் பக்கத்திலிருந்து சூடு ஓடி வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் அதன்மேல் பரவாது. துளித் துளியாகத் திரண்டு நிற்கும். பரவிய தண்ணீர் சீக்கிரம் காயும், திரண்ட துளி காயாது. அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினிலும் பிளாஸ்டிக் கொஞ்சம் ஈரமாகத்தான் வரும். மேல்கூடையில் சாய்த்து வையுங்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

துளியைப் பரவ வைப்பதற்குத்தான் ரின்ஸ் எய்ட். கதவின் உள்பக்கத்துச் சிறு கிண்ணத்தில் ஊற்றுகிறோமே, அந்த நீல நிறத் திரவம். பலர் அதை வாசனைக்கோ பளபளப்புக்கோ என்று எண்ணி, தீர்ந்த பின் மறுபடி வாங்குவதில்லை. கடைசி அலசலில் சில மில்லி கலந்தாலே தண்ணீரின் பரப்பு இழுவிசை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. துளியாகத் திரளாமல் மெல்லிய ஏடாகப் பரவி, பெரும்பகுதி வழிந்தே போய்விடுகிறது. காய வேண்டிய தண்ணீரின் அளவே குறைகிறது. எவர்சில்வர் அதிகம் புழங்கும் வீட்டுக்கு இது இன்னும் அவசியம். கிண்ணத்தின் பக்கத்தில் அளவு கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். பாத்திரத்தில் நீலச் சாயலோ வழுவழுப்போ தெரிந்தால் குறையுங்கள். துளித்தழும்பு தெரிந்தால் கூட்டுங்கள். அதற்குப் பதிலாக வினிகர் ஊற்றச் சொல்வார்கள். வினிகர் அந்த அளவு நீர்த்த பின் பரப்பு இழுவிசையைக் குறைக்காது. நாளடைவில் ரப்பர் வளையத்தையும் கெடுக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகர ஆய்வாளர்கள், ஹோட்டல் வகைத் தொழில்முறை மெஷின்களில் பயன்படும் ரின்ஸ் எய்டில் உள்ள ஆல்கஹால் எத்தாக்சிலேட் என்ற பொருள் குடலின் உட்சுவர்ச் செல்களைப் பாதிப்பதாக 2022 இறுதியில் வெளியிட்டார்கள். அது செல்களையும் ஆய்வகத்தில் வளர்த்த திசுக்களையும் வைத்துச் செய்த ஆய்வு. வீட்டு மெஷினுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது. ஆனாலும் தேவைக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம் என்பதற்கு அது போதுமான காரணம். திருகைக் குறைந்த எண்ணில் தொடங்கி, வேண்டுமானால் ஏற்றுவதே முறை.

காய்ந்த பின் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அது ஈரத்தின் குற்றமல்ல, தண்ணீரில் உள்ள கால்சியத்தின் வேலை. போர் தண்ணீர் வீடுகளில், அந்தக் கால்சியத்தை நீக்க உதவும் மெஷினின் உப்புப் பெட்டி காலியாக இருக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் உப்பைத்தான் போட வேண்டும். சமையல் உப்பு ஆகாது.

துண்டால் துடைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் உணவு விதித் தொகுப்பு, உணவகங்களில் கழுவிய பாத்திரங்களைத் துணியால் துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும் என்கிறது. அங்கே வெந்நீரால் கிருமி நீக்கும் மெஷின்களில் கடைசி அலசல் பெரும்பாலும் 82 டிகிரி. வெளியே எடுத்த சற்று நேரத்தில் பாத்திரம் தானே காய்ந்துவிடும். அடுக்களையில் நாள் முழுக்கத் தொங்கும் ஈரத்துண்டில் என்னென்ன சேரும் என்பது நமக்கே தெரியும். சூட்டில் கழுவிய பாத்திரத்தை அதைக் கொண்டு துடைப்பது செய்த வேலையைக் கெடுப்பதாகும்.

பின்லாந்தில் மாய்யூ கெப்ஹார்ட் என்ற பெண்மணி 1940-களில் இதற்கு வேறொரு பதில் கண்டார். வேலைத்திறன் ஆய்வுக் கழகத்தில் இருந்த அவர், தொட்டிக்கு நேர் மேலே, அடிப்பலகைக்குப் பதில் கம்பிச் சட்டம் வைத்த அலமாரியை வடிவமைத்தார். கழுவி அதில் வைத்தால் தண்ணீர் தொட்டியிலேயே வடியும். பாத்திரம் இருந்த இடத்திலேயே காயும். துடைக்கவும் வேண்டாம், எடுத்து அடுக்கவும் வேண்டாம். ஒரு பெண் தன் ஆயுளில் பாத்திரம் கழுவித் துடைக்க எத்தனை ஆயிரம் மணி நேரம் செலவிடுகிறாள் என்று கணக்குப் பார்க்கத் துணிந்தவர் அவர். இன்றும் பின்லாந்து வீடுகளில் அந்த அலமாரி சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது. மின்சாரமே வேண்டாத அந்த அலமாரியை நான் எந்த மெஷினுக்கும் குறைவாக மதிக்கவில்லை. டிஷ்வாஷர் வாங்க முடியாத, வாங்க விரும்பாத வீடுகள் நம் நாட்டில் மிகப் பெரும்பான்மை. அவர்களுக்கு ஒரு தச்சரும் எவர்சில்வர் கம்பியும் போதும்.

மெஷின் செய்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கடாய்க்கென்று தனி புரோகிராம் வைத்தீர்கள், நன்றி. அதேபோல் எவர்சில்வர் தட்டும் தம்ளரும் டபராவும் குழிக்கரண்டியும் அடுக்கி, 35 டிகிரி வெயிலில், மாடித் தொட்டித் தண்ணீரில், நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வைத்துச் சோதியுங்கள். எத்தனை பாத்திரம் காய்ந்து வந்தது என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எத்தனை பாத்திரம் பிடிக்கும், எவ்வளவு மின்சாரம் ஆகும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி அலசல் எத்தனை டிகிரி, உள்ளே விசிறி உண்டா, கதவு தானாகத் திறக்குமா என்று கேளுங்கள். மெஷின் ஏற்கனவே இருக்கும் வீடுகளில் இன்றிரவே ரின்ஸ் எய்ட் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். மெஷின் நின்று கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறக்கும் பொறுப்பை, இதுவரை துண்டைத் தொடாத ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.